கலவர நேரத்தில் போன்வழித் துணை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பக்கம் வெளியூரில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். காலையில் போய் இரவில் திரும்புகிறவர்கள் ஏராளம். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறார்கள். ஊத்தங்கரை பாம்பாறு அணை முகாமில் இருப்பவர்களுக்கு இலங்கையில் இன்னும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளுக்கோ நம்ம ஊரே வெளியூர். எங்கே ஊர் கலங்கினாலும் அன்றைக்கு இங்கே ஏதோ ஒரு வீட்டில் அடுப்பு பற்றாது.

2016 முதல் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் கவனித்துக்கொள்ளும் நாலைந்து பேரில் நானும் ஒருத்தன். கிருஷ்ணகிரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்; நானும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

குழுவில் என்ன செய்வீங்க? செய்தி போடுவீங்களா?

செய்திக்கு டி.வி. இருக்கிறது. குழு எப்படி வந்தது என்று சொன்னால் வேலை என்னவென்று புரியும்.

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரியில் திறக்கச் சொன்ன தண்ணீரை உச்ச நீதிமன்றம் வினாடிக்கு 15,000 கன அடியிலிருந்து 12,000 ஆகக் குறைத்து, 20-ம் தேதி வரைக்கும் நீட்டித்த நாள். அன்றைக்கே பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. வரிசையாக நின்ற ஆம்னி பஸ்கள் எரிவதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். என் கடைக்குப் பக்கத்தில் பூ விற்கும் அக்காவின் மகன் அப்போது பெங்களூரு பீனியாவில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். அவன் முதலாளி கன்னடக்காரர். இவனையும் இன்னும் மூன்று பையன்களையும் தன் வீட்டு மாடியில் உட்காரவைத்து, கீழே கதவைச் சாத்திவிட்டார். பையன் மேல் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் போன் அணைந்துவிட்டது. அக்கா விடிய விடியக் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் போன் உயிர்பெற்றபோது விஷயம் தெரிந்தது. மதியத்திலிருந்து அவனுக்கு ஐம்பதுக்கு மேல் அழைப்பு. மாமன், சித்தப்பன், கூடப் படித்தவன், சீட்டு பிடிக்கிறவர் வரைக்கும் விசாரித்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே பேட்டரி தீர்ந்து, பெற்ற தாய்க்குப் பேச மிச்சமில்லாமல் போயிருக்கிறது. விசாரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் அக்கறைதான்.

அதற்கப்புறம்தான் குழு தொடங்கினோம். உள்ளே மாட்டியிருப்பவர் ஒரு தடவை சொன்னால் போதும், மற்ற ஐம்பது பேருக்கும் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். வெளியே இருக்கிறவர்களின் பதற்றம் அவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதே எங்கள் முதல் வேலை.

என் பொண்ணு அங்க மாட்டிக்கிட்டா. போன் பண்ணாம எப்படிங்க இருக்க முடியும்?

முடியாதுதான். அதனால் பண்ணவே பண்ணாதீர்கள் என்று சொல்ல மாட்டோம். வீட்டுக்கு ஒரு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவோ அண்ணனோ யாராவது ஒருத்தர் மட்டும் பேசுவது. காலையில் ஒரு நேரம், இரவில் ஒரு நேரம் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்வது. நடுவில் அந்தப் பெண்ணாக அழைத்தால் எடுக்கலாம், நாமாக அழைக்க வேண்டாம்.

பேசும்போது மூன்று விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: எங்கே இருக்கிறாள், யாருடன் இருக்கிறாள், எது தீரப்போகிறது. தண்ணீர், சார்ஜ், மாத்திரை, நாப்கின், கையில் காசு, எதுவாகவும் இருக்கலாம். அந்த மூன்றையும் குழுவில் போடுங்கள், இடத்துக்கு ஊர் பெயர் மட்டும் போதும். மூன்றாவதுக்கு வழி தேடுவதில் குழு கெட்டி. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தபோது, கார்கிவ் நகரத்தில் சுரங்க ரயில் நிலையத்தில் படுத்திருந்த ஒரு பையனுக்குத் தைராய்டு மாத்திரை தீர்ந்துவிட்டது. மாத்திரைப் பெயர் அங்கே வேறு. மூலப்பொருள் பெயரை இங்கிருந்து ஒரு மருந்தாளுநர் தம்பி எழுதி அனுப்ப, அதை அங்கே காட்டி வாங்கினான். இங்கிருந்து நம்மால் ஆகிற உதவி பெரும்பாலும் இந்த அளவுதான். இதையே சரியாகச் செய்தால் பெரிது.

“அழுதுகொண்டே பேசாதீர்கள்” என்று சில தாய்மாரிடம் சொல்ல வேண்டி வந்திருக்கிறது. சொல்லும்போது எனக்கே கூசும். ஆனால் அம்மா அழுதால் உள்ளே இருக்கிற பிள்ளை அம்மாவைத் தேற்ற ஆரம்பித்துவிடுகிறது. அழுவதற்குக் குழுவில் இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பண்ணுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

இன்டர்நெட்டையே நிறுத்திட்டா?

நிறுத்துவார்கள், எதிர்பார்த்தே இருங்கள். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நிறுத்தினார்கள். மணிப்பூரில் 2023 மே 3-ல் நின்ற மொபைல் இணையம் நடுவில் சில நாள் தவிர டிசம்பர் வரைக்கும் முழுதாகத் திரும்பவில்லை. வங்கதேசத்தில் 2024 ஜூலை நடுவில் நின்ற மொபைல் இணையம் 28-ம் தேதிதான் வந்தது. இலங்கையில் 2022 ஏப்ரல் 3-ம் தேதி வாட்ஸ்அப், ஃபேஸ்புக் மாதிரி சமூக வலைதளங்களை மட்டும் அரை நாளுக்கு மேல் முடக்கினார்கள்.

வாட்ஸ்அப் போனாலும் சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் பல இடங்களில் ஓடும். அதனால் முக்கியமான ஐந்து எண்களைப் பேப்பரில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்மா நம்பரே மனப்பாடமாகத் தெரியாது. கடையில் தினமும் பார்க்கிறேன். ஐ.எஸ்.டி. அழைப்புக்கு ரீசார்ஜ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இணையம் இல்லாமல் புளூடூத்தில் போனுக்குப் போன் தாண்டிச் செல்லும் செயலிகள் உண்டு, பிரையர், பிட்சாட் மாதிரி. கூட்டமாக ஒரே விடுதியில் இருப்பவர்களுக்கு ஆகும். கிருஷ்ணகிரிக்கும் டாக்காவுக்கும் நடுவில் ஆகாது. அதை நம்பி யாரும் உட்கார வேண்டாம்.

இன்னொன்று, ஒரு டிக்கிலேயே நிற்கிறது என்றால் அந்தப் பக்கம் போன் அணைந்திருக்கிறது, இல்லையென்றால் நெட் இல்லை என்றுதான் முதல் அர்த்தம். எங்கள் குழுவில் “இன்னும் டெலிவரி ஆகலையே” என்று யாரும் எழுதக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அந்த வரி ஒன்று வந்துவிட்டால் நாற்பது வீடு தூங்காது.

ஒரு வீடியோ வந்திருக்கு. எச்சரிக்கையா இருக்கட்டும்னு குழுவில் போடலாமா?

வேண்டாம். இதில் மட்டும் நாங்கள் கடுமையாக இருப்போம், கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

2016-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருவில் ஒரு தமிழ் இளைஞனை அடிக்கிற வீடியோ இங்கே ஓடியது. ராமேசுவரத்தில் கர்நாடக வண்டி ஓட்டிவந்தவரை அடிக்கிற வீடியோ அங்கே ஓடியது. இரண்டும் உண்மைதான். ஆனால் பார்த்தவர்களில் எத்தனை பேர் அதனால் பத்திரமானார்கள்? பார்த்துவிட்டுக் கல்லைத் தூக்கியவர்கள்தான் அதிகம். மாநில எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டோடு பஸ்ஸெல்லாம் நின்றுபோய், மூட்டை முடிச்சோடு அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு: எந்த வழி திறந்திருக்கிறது, எங்கே தண்ணீர் கிடைக்கும், அந்தப் பக்கம் போனதும் வண்டி உண்டா.

உண்மை வீடியோவுக்கே இந்தக் கதி என்றால், பொய் வீடியோ செய்கிற வேலையைக் கேட்கவே வேண்டாம். 2012 ஆகஸ்டில் பெங்களூருவிலிருந்து வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் ரயில் ரயிலாகக் கிளம்பிப் போனார்கள். குறுஞ்செய்தியிலும் வாய்வழியாகவும் பரவிய மிரட்டல்தான் காரணம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் எஸ்.எம்.எஸ். அனுப்ப நாடு முழுக்க 15 நாள் தடையே போட்டார்கள். 2023 மார்ச்சில் அது நம் வாசலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று வேறு ஊரில், வேறு காரணத்துக்காக நடந்த அடிதடிகளையெல்லாம் வெட்டி ஒட்டிப் பரப்பினார்கள். தமிழ்நாடு போலீஸ் இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது. ஆனால் ஓசூரில் லைன் வீட்டில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பையனுக்குப் போலீஸ் சொன்னது போய்ச் சேர்வதற்குள், அவன் அம்மா பாட்னாவிலிருந்து பத்து தடவை அழுதிருப்பார். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: இங்கேயே வேலை செய்கிற ஒரு ஒடிசா பையனையும் ஒரு பீகார் பையனையும் கூப்பிட்டு, “நான் இன்ன தெருவில் இருக்கேன், காலையில் ஷிப்ட் போனேன், இப்ப டீ குடிக்கிறேன்” என்று அவர்கள் மொழியிலேயே பேசவைத்து ஒரு நிமிட ஆடியோ அனுப்பினோம். மறுப்பு அறிக்கையைவிட டீக்கடைச் சத்தத்தை நம்புகிறார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பினார்கள்.

ஆகவே உங்களுக்கு வீடியோ வந்தால் அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். எப்போது எடுத்தது, யார் எடுத்தது, வண்டி நம்பர், கடைப் பலகையில் என்ன மொழி, வெயிலா மழையா என்று பார்ப்போம். இரட்டை அம்பு போட்டு “பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது” என்றிருந்தால் அதைத் திறப்பதற்கே யோசிப்போம். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் தெரிந்த ஆட்கள் ஓசூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பது எங்களுக்கு ஒரு வரம். உள்ளூர்ச் சேனலில் உண்மையில் என்ன சொல்கிறார்கள் என்று பத்து நிமிடத்தில் கேட்டுச் சொல்லிவிடுவார்கள்.

குழுவில் அரசியல் பேசலாமா?

காவிரி யாருக்கு, யார் ஆட்சி வரணும் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதற்கு ஆயிரம் குழு இருக்கிறது, அதில் நானே இரண்டில் இருக்கிறேன்.

ஆனால் கலவரம் நம் ஊரிலேயே நடந்தால்? 2012 நவம்பர் 7-ம் தேதி தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனிகளில் வீடுகளைக் கொளுத்தினார்கள். வீடு இழந்தவர்களையும், கொளுத்தியவர்களின் சொந்தபந்தங்களையும் ஒரே குழுவில் உட்காரவைத்து “எல்லாரும் அமைதியா பேசுங்க” என்றால், வாயை மூடுகிறவர் வீடு இழந்தவராகத்தான் இருப்பார். அப்படியொரு நிலை வந்தால் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே ஆள் தேர்ந்தெடுத்துத் தனியாக ஒரு சிறு குழு வைத்துக்கொள்ளட்டும். பெரிய குழுவில் இருப்பவர்கள் கேட்டால் மட்டும் கைகொடுக்கலாம். அவர்கள் ஆத்திரமாகப் பேசினால், பேசும் முறை சரியில்லை என்று யாரும் பாடம் எடுக்கக் கூடாது.

அட்மினா இருந்தா போலீஸ் கேஸ் வருமா?

இந்தப் பயத்தில்தான் நல்ல ஆட்கள் பலர் பின்வாங்குகிறார்கள். கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் அட்மின் மேல் வந்த வழக்கில், 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: அட்மின் என்ற வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யாதவரை, இன்னொருவர் போட்ட பதிவுக்காகக் குற்றவாளியாகச் சேர்க்கக் கூடாது. ஆனால் அட்மினே வதந்தியைப் போட்டால் தப்பில்லை என்று அர்த்தமாகாது. பகையைத் தூண்டுவதும் பீதி கிளப்பும் பொய்யைப் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196, 353 பிரிவுகளில் வருகின்றன. எனக்கு ரிப்பேர்தான் தெரியும், சட்டம் தெரியாது. சந்தேகம் என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

குழுவில் என்னென்ன போடக் கூடாது?

ஒளிந்திருக்கும் இடம். இதைப் பத்து தடவை எழுதலாம். “என் மகன் இந்தச் சர்ச் பின்னாடி பத்திரமா இருக்கான்” என்று சந்தோஷத்தில் போடுவீர்கள். நூறு பேர் பார்ப்பார்கள், அதில் ஒருத்தர் ஸ்டேட்டஸில் வைப்பார். லைவ் லொகேஷனை ஒரே ஒருத்தருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஊர் பெயரும் “பத்திரம்” என்ற சொல்லும் குழுவுக்குப் போதும்.

சாதாரணக் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் எல்லோருக்கும் தெரியும். அதனால் நாங்கள் ‘கம்யூனிட்டி’ வைத்து, அறிவிப்புப் பகுதியில் மட்டும் பெரும்பாலானவர்களைச் சேர்த்திருக்கிறோம். அதில் மற்ற உறுப்பினர்களின் எண் பொதுவாகத் தெரியாது. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகலாம், சாதாரணப் படமாக அனுப்புங்கள். டெலிகிராம் குழு முழு ரகசியம் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. இல்லை, அதன் குழுக்களில் வாட்ஸ்அப், சிக்னல் போல முனைக்கு முனை பூட்டு கிடையாது. மறையும் செய்தியை ஏழு நாளுக்கு வைத்திருக்கிறோம். ஆனாலும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மருந்து இல்லை.

அண்ணா, நாங்க முகாம்ல இருக்கம். அம்மா கிளிநொச்சியில. அங்க பிரச்சினை வந்தா இந்தக் குழு என்ன செய்யும்?

பாம்பாறு முகாமிலிருந்து ஒரு தங்கை 2022-ல் கேட்டது. அரிசி அனுப்ப முடியுமா, கேஸ் அனுப்ப முடியுமா? முடியாது என்றுதான் சொன்னேன், சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன். அந்த மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் இல்லை, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசை. மே 9-ல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்களை அடித்தார்கள், அன்றைக்கே பிரதமர் மகிந்த ராஜபக்ச விலகினார். ஜூலையில் அதிபர் கோட்டாபய நாட்டைவிட்டே போனார். டி.வி.யில் கொழும்பைக் காட்டினார்கள். கிளிநொச்சியில் வரிசையில் நிற்கும் அம்மாவை யாரும் காட்டவில்லை.

அந்தத் தங்கையே ஒரு வழி கண்டுபிடித்தாள். கரண்ட் வரும் நேரத்தில் அம்மா போனுக்குச் சார்ஜ் போட்டு, அன்றைக்கு நடந்ததைக் குரல்பதிவாக அனுப்புவார். “இண்டைக்கு வரிசையில முன்னால நிண்ட பெடியன் எனக்கு இடம் விட்டவன்” என்கிற மாதிரி. இங்கே வேலை முடிந்து வந்து கேட்பார்கள், பதில் பேசி அனுப்புவார்கள். நேரடியாகப் பேசும்போது இரண்டு பக்கமும் மறைத்ததையெல்லாம் குரல்பதிவில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு குழுவில் எல்லோருக்கும் இதைச் சொல்கிறோம். முகாமில் இருப்பவர்கள் வேண்டுமென்றால் தங்களுக்குள் தனிக் குழுவாக இருக்கலாம், அவர்கள் சூழ்நிலை வேறு. அங்குள்ள உறவினர் பெயரையோ ஊரையோ பெரிய குழுவில் நாங்கள் கேட்பதே இல்லை.

யாத்திரை போன இடத்தில் கலவரம் வந்தால்?

2025 செப்டம்பரில் நேபாளத்தில் வந்தது. 4-ம் தேதி 26 சமூக வலைதளங்களுக்குத் தடை, 8-ம் தேதி போராட்டத்தில் சாவு, 9-ம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா, காத்மாண்டு விமான நிலையம் மூடல். முக்திநாத் போகிறவர்களில் பலர் அந்த வழியாகத்தான் திரும்புவார்கள். விடுதியை விட்டு வெளியே போகாதீர்கள், தூதரக எண்ணில் பெயரைப் பதியுங்கள், கூட்டி வந்த ஏஜென்ட் சொல்வதை ஒரு தடவை தூதரகத்திலும் கேட்டுச் சரிபாருங்கள். வயதானவர்கள் என்றால் பிரஷர், சுகர் மாத்திரைக் கணக்கை முதல் நாளே எடுங்கள். அவ்வளவுதான்.

உள்ளூர் மறியலுக்கும் குழு உதவுமா?

உதவியிருக்கிறது. 2023 பிப்ரவரி 2-ல் ஓசூர் பக்கத்துக் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதில் நெடுஞ்சாலையையே மறித்து, பஸ்மேல் கல் விழுந்தது. மணிக்கணக்கில் நின்ற வண்டிகளில் கைக்குழந்தையோடு இருந்தவர்கள் உண்டு. ராயக்கோட்டை வழியாகத் திரும்பலாமா என்பதைத்தான் குழுவில் அதிகம் கேட்டார்கள். வண்டி நின்ற இடத்திலேயே பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஜன்னலை ஏற்றிவிட்டு உட்காராதீர்கள், கூட்டம் நெருங்கினால் இறங்கி விலகிவிடுங்கள் என்று எழுதினேன். 2000 பிப்ரவரி 2-ல் இலக்கியம்பட்டியில் எரிந்த பஸ்ஸுக்குள் மூன்று கல்லூரி மாணவிகளின் உயிர் போனதைத் தருமபுரிக்காரன் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தேதி இரண்டும் ஒன்றாக அமைந்ததை அன்றிரவு ஒரு பெரியவர் சொன்னார். அதற்குப் பிறகு குழுவில் வெகுநேரம் யாரும் எழுதவில்லை.

காசு கேட்டு மெசேஜ் வருது. அனுப்பலாமா?

குழு காசு வசூலிக்காது, எந்தக் காலத்திலும். “உங்க பையன் எங்ககிட்ட இருக்கான், டிக்கெட்டுக்குப் போடுங்க” என்று வந்தால் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பாட்டி வளர்த்த மாட்டின் பெயர் என்ன? ஏமாந்துவிட்டால் உடனே 1930, அது சைபர் மோசடிப் புகார் எண்.

திரும்பி வந்த பையன் பேசவே மாட்டேங்கிறான். என்ன செய்ய?

உக்ரைனிலிருந்து வந்த பிள்ளைகளைப் பார்க்க ஊரே ஸ்வீட் பாக்ஸோடு வந்தது. “குண்டு பக்கத்துல விழுந்துச்சா? பொணம் பார்த்தியா?” இதைத்தான் கேட்டார்கள். ஒரு பையன் மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கேதான் யாரும் கேள்வி கேட்கவில்லையாம்.

கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள், தூங்கவிடுங்கள், தீபாவளிக்கு அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் வெடி வைக்காதீர்கள். தானாகச் சொல்லும்போது நடுவில் புத்தி சொல்லாமல் கேளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் 14416-க்குப் பண்ணுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல எண், தமிழிலும் பேசுவார்கள். இது வீட்டில் இருக்கிற அம்மாவுக்கும்தான். டி.வி.யை நாள் முழுக்க ஓடவிட்டு அதே எரிகிற பஸ்ஸை இருநூறு தடவை பார்த்தவர், அங்கே இருந்தவரைவிட மோசமாக ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

குழுவில் எப்படிச் சேர்வது?

லிங்க் கிடையாது. உள்ளே இருக்கும் ஒருத்தர் உங்களை முகம் பார்த்துத் தெரியும் என்று சொல்ல வேண்டும். முகம் தெரியாதவர் என்றால் ஏதாவது ஒரு மத்தியானம் கடைக்கு வாருங்கள், ஒரு டீ குடிக்கலாம். சாதி, மொழி, கட்சி கேட்க மாட்டோம். அவசர நாள் முடிந்ததும் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுவோம், பெயர்ப் பட்டியலை அழித்துவிடுவோம். சில மாதம் ஒரு செய்திகூட வராது. குழு செத்துவிட்டதா என்று கேட்டு அப்போது போன் பண்ண வேண்டாம்.